புகை வெளியே, ஆள் உள்ளே

தவிட்டுப்பாறை என்று மலைமேல் ஓர் ஊர். குளிர் பட்டால் கெட்டுவிடும் என்று மூளையை வெளியே எடுக்காமலே வைத்திருந்த மூன்று பேர் அங்கே இருந்தார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

மூவரில் ஒச்சுவுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி பவுன்தாய் பிரசவத்துக்குப் பெரியகுளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். "அந்தக் குளிர்ல பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். வீடு கதகதன்னு இல்லாட்டி வந்த பஸ்லயே திரும்பிருவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதாம். பெற்றவன் அந்தச் சிரிப்பை இன்னும் பார்க்கவில்லை. பாவம், ஒச்சுவுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டாளிகளான சடையாண்டியையும் மொக்கையனையும் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு ஒன்றும் இரண்டு குழாய்களும் வாங்கினான். கடைக்கார அண்ணாச்சி பொறுமையாகச் சொன்னார்.

"ஒரு குழாய் வழியா அடுப்புக்குக் காத்து உள்ளே வரணும். இன்னொண்ணு வழியா புகை வெளியே போகணும். ரெண்டு வாயும் ஒண்ணையொண்ணு பாக்கக் கூடாது. புகைக்குழாய் கூரையைத் தாண்டி நிக்கணும். எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க: புகை வெளியே, ஆள் உள்ளே."

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சிக்கல் ஆரம்பித்தது.

"ஏன் மாமா, ரெண்டு குழாயும் ஒண்ணையொண்ணு பாக்கக் கூடாதாம்?" என்றான் மொக்கையன்.

சடையாண்டிதான் மூவரில் வயதில் மூத்தவன், யோசிப்பவன். "ஒரே கடையில பக்கத்துல பக்கத்துல கிடந்ததுக. பங்காளிச் சண்டையா இருக்கும். நமக்கெதுக்கு வம்பு?" என்றான்.

ஆகவே ஒரு குழாய் பெரிய ரோடு வழியாகப் போனது. இன்னொன்று தலையில் துண்டு போர்த்திக்கொண்டு ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. மூவரும் புகைக்குழாயைத் தூக்கி, "ஏலேலோ!" என்று கூரைக்கு மேலே வீசினார்கள்.

"தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு! ஆனா படுத்துக்கிச்சு மாமா."

"நிக்கணும்னுல்ல அண்ணாச்சி சொன்னாரு! திருப்பி வீசுங்கடா."

திருப்பி வீசினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கோழிக்கூண்டு நொறுங்கியது. அந்த அக்கா அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தாள். "அட கூறுகெட்டவனுகளா! கூரையில ஓட்டை போட்டு, அடுப்புல இருந்து மேல நீட்டி வைக்கிறதுடா அது!" என்று கத்தி, பக்கத்திலேயே நின்று வைக்கவும் வைத்தாள். பிறகு கோழிகளைத் தேடிப் போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அடுத்தது காற்றுக்குழாய். அதன் ஒரு முனையை அடுப்பில் மாட்டி, மறுமுனையைச் சுவர் வழியாக வெளியே விட்டபோது சடையாண்டிக்குத் திடீரென்று வேர்த்தது.

"ஏய் ஒச்சு! பச்சப்பிள்ளை வர்ற வீடு. காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு ஊரே பயப்படுது. நீ காத்துக்குக் குழாய் போட்டு வரவேற்கிறியே!"

ஒச்சு குழாயைப் பிடித்து இழுத்தான். "ஐயோ, எம்பிள்ளை! கழட்டிருவோம் மாமா."

"கழட்டுனா அண்ணாச்சி கோவிப்பாரு. குழாயும் இருக்கணும், காத்தும் வரக் கூடாது."

கோயிலிலிருந்து வேப்பிலைக் கட்டுகளைக் கொண்டுவந்து, உலக்கையால் இடித்து இடித்துக் குழாயை அடைத்தார்கள். குழாய் வாயில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

அடுப்பைப் பற்றவைத்தார்கள். காற்றில்லாத நெருப்பு என்ன செய்யும்? மூச்சுமுட்டி, அடுப்புக் கதவின் இடுக்கு வழியே குபுகுபுவென்று புகையை வீட்டுக்குள் தள்ளியது. மூவரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார்கள்.

"போச்சு! பஸ் வர்ற நேரம். அவ திரும்பிப் போயிருவா" என்று ஒச்சு ஓவென்று அழுதான்.

சடையாண்டி மோவாயைச் சொறிந்தான். "அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"புகை வெளியே, ஆள் உள்ளே."

"புகை எங்க இருக்கு?"

"அங்கே."

"அப்ப அதுதான் வெளியே. ஆள் எங்க இருக்கோம்?"

"இங்கே."

"அப்ப இது?"

"உள்ளே!" மொக்கையன் கையைத் தட்டினான். "எல்லாம் சரியாத்தான் மாமா நடந்திருக்கு! கதவு மட்டும்தான் இடம் மாறி இருக்கு."

அதற்கென்ன? நிலையோடு கதவைப் பெயர்த்து, முற்றத்தின் நடுவில் நட்டு, சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூவரும் அதன் பின்னால் நடுங்கியபடி உட்கார்ந்தார்கள்.

பவுன்தாய் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். தனியாக நின்ற கதவைப் பார்த்தாள், புகைகிற வீட்டைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் பார்த்தாள். அவளுக்கு இவர்களைத் தெரியாதா? பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குழாயிலிருந்த வேப்பிலையையெல்லாம் பிடுங்கி எறிந்தாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். நெருப்பு கணகணவென்று பிடித்தது, புகை கூரை வழியாகப் போயே போய்விட்டது. நன்றாகத் தெளிந்த பிறகு, கதவிருந்த இடத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பிள்ளையோடு அடுப்பருகில் உட்கார்ந்தாள்.

"பவுனு! எம்பிள்ளையோட ஏன்டி வெளியே உக்காந்திருக்க? உள்ளே வாடி!" ஒச்சு கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"பிள்ளை உன் குரலக் கேட்டுச் சிரிக்குதுய்யா. வாய்யா இங்க!"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. செருப்பை மாட்டினான், குடையை எடுத்தான். "மாமா, கொஞ்சம் வெளியே போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்து, மறக்காமல் சாத்திவிட்டு, வீட்டுக்குள் ஓடினான். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவனுக்குக் கண்ணீர் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் கதகதப்பு ஏறவே, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"மாமா! மாப்ள! வெளியே அருமையா வெயில் அடிக்குது. அங்கயே அடைஞ்சு கிடக்காம வாங்க!"

சடையாண்டி உடனே எழுந்து போனான். மொக்கையன் மட்டும் கடைசியாக வந்தான். முற்றத்தைப் பூட்டிவிட்டு வர வேண்டியிருந்தது.