ரெண்டாவது கிட்டார்

ஹெட்போன்ல ரெண்டு கிட்டார் கேட்டுச்சு.

வாசிச்சது ஒருத்திதான். பிளாந்தின். ஒரே மைக், ஒரே கிட்டார், பட்டப்பகல் மூணு மணி.

"அண்ணே, முன்னாடி வந்தவங்க வாசிச்சது எதுனா கலந்துடுச்சா?"

ஸ்டூடியோக்காரர் பதி கையை விரிச்சாரு. "மூணு தடவை பாத்துட்டேம்மா. வேற எதுவுமே கலக்கல!"

அஞ்சு மணிக்குள்ள இந்த ஒரு பாட்டை பாரிசுக்கு அனுப்பியாகணும். இல்லேன்னா அங்க ஜாஸ் விழாவுல அவளுக்கு வெச்சிருக்கற இடம் வேற ஆளுக்குப் போயிடும். முப்பத்தெட்டு வயசுல கிடைச்ச முதல் மேடை!

மூலையில ஒக்தாவ் முசே கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. அவளோட குரு. முசேன்னா பிரெஞ்சுல ஐயா. மர்செய் துறைமுகத்துல டான்ஸ் ஹாலுக்கு வாசிக்க ஆரம்பிச்சு, பாரிசுக்கே கிறுக்குப் பிடிக்க வெச்ச மனுஷன். மூணே ரெக்கார்டு. அப்புறம் லியோன்ல ஒரு கச்சேரி முடிஞ்சதும் கிட்டாரை மேடையிலயே வெச்சுட்டு இறங்கினவரு, இன்னி வரைக்கும் திரும்ப ஏறல. பாண்டிச்சேரிக்கு வந்து முப்பது வருஷம். ஏன்னு கேட்டா மீன் விலையைப் பத்திப் பேசுவாரு.

"முசே, அந்த இன்னொண்ணு... உங்க வாசிப்பு."

"நீ எப்படிக் கத்துக்கிட்டே?"

"உங்க ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்டு. நீங்க மூச்சு விடற இடத்துல நானும் விடுவேன்."

"ம்."

எழுந்து வந்தாரு. அவ மடியில இருந்த கிட்டார்ல ஒரு முறுக்காணியைத் திருகி, கம்பியைத் தளர்த்தி விட்டாரு.

"இப்ப வாசி."

விரலுக்குப் பழகின இடமெல்லாம் பொய்யாப் போச்சு. மூணாவது சுத்துல பிளாந்தின் மிரண்டுபோய் கையை எடுத்துட்டா. அப்புறம் கரண்ட் போன வீட்டுல சுவத்தைத் தடவுற மாதிரி ஒவ்வொரு சுரமாத் தேடி, எப்படியோ கரை சேந்தா.

பதிவானதைப் பதி திரும்ப ஓட விட்டாரு.

ரெண்டு கிட்டாரும் சேந்தே கிளம்புச்சு. மூணாவது சுத்துல ஒண்ணு நின்னுச்சு.

இன்னொண்ணு நிக்கல.

ஒரு பிசிறு இல்லாம, யாரு கையும் இல்லாம, ஓடிக்கிட்டே இருந்துச்சு. பதி "முருகா, முருகா"ன்னு முணுமுணுத்தாரு. நின்னது தட்டுத் தடுமாறி மறுபடி கிளம்பினதும், ஓடிக்கிட்டிருந்தது மெல்ல மெல்லத் தேஞ்சு அடங்கிடுச்சு.

"இதுல எது நீ?" முசே கேட்டாரு.

"நின்னுச்சே... அது."

"பதி, இவ கிட்டார் மட்டும் தனியா வர்ற இடத்துலேர்ந்து வெட்டி அனுப்பு."

நாலே முக்காலுக்குப் பாட்டு பாரிசுக்குப் போயிடுச்சு. பிளாந்தின் அந்தக் கம்பியைத் திரும்ப முறுக்கல.

"முசே, லியோனுக்கு அப்புறம் நீங்க ஏன் மேடை ஏறல?"

இந்தத் தடவை அவரு மீனைப் பத்திப் பேசல.

"அன்னிக்கு நானும் நடுவுல கையை எடுத்தேன். பாட்டு நிக்கல. முடிஞ்சதும் சனங்க எல்லாரும் எழுந்து நின்னு, என்னைப் பாத்துக் கை தட்டினாங்க."