வெள்ளைப் படகோட கனம்

ஏகாம்பரத்துக்கு வயசு ஐம்பத்தி மூணு. அவரோட மாஸ்டருக்கு முப்பத்தி ஆறு. மாஸ்டர் பேரு பிலோமினா. கழிமுகத்துல வேக்போர்டு சொல்லித்தர்றவங்க. அவங்க இவரை அண்ணேன்னு கூப்பிடுவாங்க. இவரு அவங்களை மாஸ்டர்னு கூப்பிடுவாரு. ரெண்டு பேருக்கும் அதுல குழப்பம் இல்ல. பாக்குறவங்களுக்குத்தான்.

வேக்போர்டுன்னா, கால்ல ஒரு பலகையை மாட்டிக்கிட்டு, படகுக்குப் பின்னாடி கயித்தைப் புடிச்சுக்கிட்டு, படகு கிளப்புற அலை மேல சறுக்குறது. அலை பெருசா வரணும்னு படகுக்குள்ள பை பையா தண்ணி ரொப்புவாங்க. மத்த வண்டியெல்லாம் கனத்தைக் குறைக்கப் பாக்கும். இது மட்டும் வேணும்னே கனத்தை ஏத்திக்கிட்டு, அப்புறம் இழுக்க முடியலையேன்னு முக்கும்.

ஏகாம்பரம் மூணு வருஷம் கத்துக்கிட்டாரு. இப்ப எதிர்க்கரையில சொந்தமா பிள்ளைங்களுக்கு வகுப்பு ஆரம்பிக்கப் போறாரு. ஞாயித்துக்கிழமை முதல் வகுப்பு. முதல் கயிறு அவரு மக அமுதினிக்கு. பத்து வயசு. எல்லாம் தயாரு. படகுதான் இல்ல.

வெள்ளிக்கிழமை உச்சி வெயில்ல அவரு மாஸ்டரைத் தேடி வந்தாரு.

"மாஸ்டர், செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு படகு வந்திருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. வெள்ளைல சின்ன இன்ஜின், நீலத்துல பெரிய இன்ஜின். எதை வாங்கட்டும்?"

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"வெள்ளையைக் காலைல ஓட்டிப் பாத்தேன். நானும் புரோக்கரும் மட்டும்தான். மூக்கை மட்டும் தூக்குது, தண்ணி மேல எந்திரிக்கவே மாட்டேங்குது. பத்து பேரை ஏத்துன மாதிரி முக்குது."

"நீலத்தை?"

"அதை ஓட்டல. எதுக்கு ஓட்டணும்? பெரிய இன்ஜின்."

மாஸ்டர் கயித்தைச் சுருட்டி ஆணில மாட்டுனாங்க.

"போன மாசம் என் படகுல வேக லீவரைத் தள்ளி, ஒரு பையனோட தோள்பட்டையை இறக்கினீங்களே. அது என்ன இன்ஜின்?"

"சின்னது, மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழமை யாரு கயிறு புடிக்கப் போறது?"

ஏகாம்பரம் கழுத்தைச் சொறிஞ்சாரு.

"சின்ன இன்ஜின்னா நீங்க லீவரைத் தள்ளினதும் கொஞ்சம் யோசிச்சுட்டுப் போகும். பெருசு, நீங்க யோசிக்கிறதுக்குள்ள போயிரும். உங்க கை எனக்குத் தெரியும்ணே."

"மெதுவா தள்ளிக்கிறேன் மாஸ்டர்."

"அவனுக்கும் மெதுவாத்தான் தள்ளினீங்க."

"அதுக்காக முக்குற படகை வாங்க முடியுமா? எந்திரிக்காம இழுத்தா புள்ள அவ்வளவு தண்ணியையும் குடிக்கும்."

"குடிக்கும்" அப்படின்னாங்க மாஸ்டர். "வாங்க, எது முக்குதுன்னு பாப்போம்."

படகு கட்டுற பலகை ஜெட்டிக்கு மேல தகரக் கூரை. கூரைக்கு வெளிய வெயில் அடிச்சு நொறுக்குது. காத்து இல்ல. தண்ணி தட்டுல ஊத்தி வெச்ச மாதிரி கிடந்துச்சு. கொக்கு கூட இல்ல. வெள்ளைப் படகும் நீலப் படகும் பக்கத்துல பக்கத்துல கட்டிக் கிடந்துச்சு. புரோக்கர் கோதண்டம் நீலப் படகைத் துணியால தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. ஏகாம்பரம் மனசு அவருக்குக் காலைலயே தெரிஞ்சுபோச்சு.

மாஸ்டர் படகுல ஏறல. ஜெட்டி ஓரத்துல குந்தி உக்காந்து, ரெண்டு படகோட வயித்தையும் பாத்தாங்க.

"ரெண்டும் ஒரே அளவு. நீலத்துல இன்ஜின் கனம் ஜாஸ்தி. அப்ப எது தாழ இருக்கணும்?"

"நீலம்."

"எது தாழ இருக்கு?"

வெள்ளைப் படகோட பக்கவாட்டுல ஓடுற சிவப்புக் கோடு தண்ணிக்குள்ள ஒரு சாண் ஆழத்துல தெரிஞ்சுச்சு. நீலத்துல அந்தக் கோடு காஞ்சு கிடந்துச்சு.

"தண்ணிப் பையில தண்ணி இருக்கும் மாஸ்டர்" அப்படின்னாரு கோதண்டம். "இறைச்சுட்டா சரியாப் போயிரும்."

அவரும் ஏகாம்பரமும் வெறுங்காலோட வெள்ளைப் படகுல இறங்கி பம்பைப் போட்டாங்க. தண்ணி ரொம்ப நேரம் வந்துச்சு. அப்புறம் நின்னு போச்சு. பை எல்லாம் சப்பையாகி சீட்டுக்கு அடியில சுருங்கிக் கிடந்துச்சு. தரையெல்லாம் ஈரம்.

"இப்ப மேல வாங்க, ரெண்டு பேரும்."

வந்தாங்க.

கோடு இன்னும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு.

கோதண்டம் அதைப் பாத்தாரு. அப்புறம் தொடைக்கிற துணியைப் பாத்தாரு.

"இது எந்த ரிசார்ட் படகு?" மாஸ்டர் கேட்டாங்க.

"தெற்கால ஒரு ரிசார்ட் இருந்துச்சே. மூடிட்டாங்க."

"ஏன் மூடிட்டாங்க?"

"மூடிட்டாங்க மாஸ்டர்."

"கோதண்டம்."

"ஒரு நாள் அளவுக்கு மேல ஆளை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நடுவுல கவுந்துருச்சு. படகுக்கு ஒண்ணும் ஆகல மாஸ்டர். ஒரு கீறல் கூட இல்ல."

"கை மாறும்போது கேட்டீங்களா?"

கோதண்டம் துணியை மடிக்க ஆரம்பிச்சாரு.

அந்தக் கரையில ஒரு வழக்கம் இருக்கு. படகு கை மாறுதுன்னா, பழைய ஓனர் வந்து படகு மூக்கைத் தட்டி, எல்லாரும் இறங்கியாச்சான்னு கேக்கணும். இறங்கியாச்சுன்னு கரையில நிக்கிற யாராச்சும் சொல்லணும். அதுக்கப்புறம்தான் புது ஆளு உள்ள கால் வைக்கணும். எதுக்குன்னு யாரும் விளக்கினது இல்ல. யாரும் கேட்டதும் இல்ல.

"அதெல்லாம் மீன்பிடி போட்டுக்கு மாஸ்டர்" அப்படின்னாரு கோதண்டம். "இது அமெரிக்கா போட்டு."

"அமெரிக்கா போட்டுல ஏறுனா இறங்க வேண்டாமா?"

"ஓனர் ஊர்லயே இல்ல. யாரு வந்து கேக்குறது?"

"நீங்க என்னண்ணே பண்ணீங்க?" மாஸ்டர் ஏகாம்பரத்துக்கிட்ட திரும்புனாங்க. "உங்களுக்கு வழக்கம் தெரியுமே."

"ஓட்டிப் பாக்கத்தானே மாஸ்டர் ஏறுனேன். வாங்கவா ஏறுனேன்?"

மாஸ்டர் எந்திரிச்சாங்க. வெள்ளைப் படகோட மூக்குக்கிட்ட போய், கதவைத் தட்டுற மாதிரி விரலை மடக்கி ரெண்டு தட்டு தட்டுனாங்க. பஸ்ஸுல கண்டக்டர் கடைசி ஸ்டாப்புல சொல்ற குரல்ல சொன்னாங்க.

"கரை வந்துருச்சு. பாத்து இறங்குங்க. வழுக்கும்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. தகரம் மட்டும் வெயில்ல டொக்குன்னுச்சு.

அப்புறம் படகு ஜெட்டி பக்கமா லேசா சாஞ்சுது. யாரோ ஓரத்துல கால் வெச்சா சாயுமே, அந்தச் சாய்வு. சாஞ்சு, நிமிந்துது. ஒரு விரக்கடை உசந்துச்சு.

ஜெட்டிப் பலகையில ஈரமா ஒரு ஷூ தடம் விழுந்துச்சு. அடுத்து இன்னொண்ணு. தடம் ரெண்டு ரெண்டா வேகமா கரையைப் பாத்துப் போச்சு. கூரை நிழல் முடிஞ்சு வெயில் தொடங்குற இடத்துல காணாம போச்சு.

கோதண்டம் வாயில துணியை வெச்சுக்கிட்டாரு. நீலப் படகைத் தொடைச்ச துணி அது.

படகு மறுபடி சாஞ்சுது. இப்ப வெறுங்கால். அப்புறம் இன்னொரு வெறுங்கால், மெட்டி போட்ட விரல் ஒண்ணு பலகையில கொஞ்சம் அழுந்தி. ஒவ்வொருத்தரா இறங்குனாங்க. யாரும் முண்டல. ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் மேல வந்துச்சு. பலகை வழியா தடமெல்லாம் மாஸ்டரைச் சுத்திக்கிட்டுப் போச்சு. ஒருத்தர் போறதுக்கு அவங்க கொஞ்சம் நகந்து கூட நின்னாங்க.

ஒரு தடம் சின்னது. அது பாதி வழியில நின்னுச்சு. திரும்பிப் படகைப் பாத்த மாதிரி குதிகால் இங்கிட்டும் விரல் அங்கிட்டுமா ஆச்சு. அமுதினி கால் அளவு. ஏகாம்பரம் ஜெட்டித் தூணை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

"போம்மா" அப்படின்னாங்க மாஸ்டர். "அம்மா முன்னாடி போயாச்சு."

சின்னத் தடம் ஓடிச்சு. ஓடும்போது விரல் மட்டும்தான் பதிஞ்சுது.

அதோட நின்னுச்சு. காத்து இல்ல, சத்தம் இல்ல. சிவப்புக் கோடு முக்காவாசி தண்ணிக்கு மேல வந்து, சொட்டுச் சொட்டா வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ஏகாம்பரம் தூணை விட்டாரு. விட்டதும் இதைத்தான் கேட்டாரு.

"இனி இந்தச் சின்ன இன்ஜினே இழுக்கும் இல்ல மாஸ்டர்?"

"பத்து பிள்ளைங்களை இழுக்கும். தண்ணிப் பை ரொம்பி இருந்தாலும் இழுக்கும்."

"சரி." அவரு வெள்ளைப் படகைப் பாத்தாரு. நீலத்தைப் பாத்தாரு. "இருந்தாலும் மாஸ்டர்... பெருசு இருந்தா ஒரு தைரியம்தானே?"

மாஸ்டர் படகைக் கண்ணால காட்டுனாங்க.

கோடு பின்னாடி மேல இருந்துச்சு. முன்னாடி, ஓட்டுறவர் சீட்டு இருக்கிற பக்கம், இன்னும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் மட்டும் படகு தோளைச் சாச்சுக்கிட்டு நின்னுச்சு.

"இன்னும் ஒருத்தர் இறங்கல" அப்படின்னாரு ஏகாம்பரம். "அன்னிக்கு ஓட்டுன டிரைவரா?"

"டிரைவர்தான் முதல்ல இறங்குனது. ஷூ போட்டிருந்தாரே. அன்னிக்கும் முதல்ல குதிச்சது அவருதான் போல."

கோதண்டம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அப்ப சீட்டுல யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் அவரு முகத்தைப் பாக்கல. காலைப் பாத்தாங்க. ஏகாம்பரமும் குனிஞ்சு பாத்தாரு.

படகுலேருந்து ஈரக் காலோட ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறி வந்தாங்க. கோதண்டம் நின்ன பலகையில ரெண்டு பாதமும் ஈரமா, பளபளன்னு இருந்துச்சு. பக்கத்துலதான் ஏகாம்பரம் நிக்கிறாரு. அவரு காலடியில பலகை வெள்ளையா காஞ்சு கிடந்துச்சு. படகுலேருந்து அவரு நிக்கிற இடம் வரைக்கும் ஒரு தடம் இல்ல.

அவரு ஒரு காலைத் தூக்கி மறுபடி வெச்சுப் பாத்தாரு. ஒண்ணும் பதியல.

படகுல, யாரும் தொடாம, ஸ்டீரிங் மெதுவா நீலப் படகு பக்கமா திரும்புச்சு. லீவர் கொஞ்சம் முன்னாடி நகந்துச்சு. மெதுவாத்தான்.

"மாஸ்டர்" அப்படின்னாரு ஏகாம்பரம். "நான் எந்த இன்ஜினை வாங்கட்டும்?"

மாஸ்டர் அவரைத் தாண்டிப் போய் படகோட மூக்கைத் தட்டுனாங்க.

"கரை வந்துருச்சுண்ணே" அப்படின்னாங்க. "பாத்து இறங்குங்க. வழுக்கும்."