விழத் தெரியாத வீரன்

கியோட்டோ நகரத்தில் சாமுராய்ப் படம் எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றில் ஒரு காலத்தில் கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்தவர் மசாதகா. திரையில் அவர் வாளுக்குத் தப்பிய எதிரி கிடையாது. இப்போது அவர் வீட்டைத் தாண்டிப் போகிற தபால்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாழ்ந்து கெட்டவன் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்?

ரொம்ப நாள் கழித்து ஒரு வேஷம் வந்தது. புதுக் கதாநாயகன் கையால் வெட்டுப்பட்டுச் சாக வேண்டும். மசாதகாவுக்குச் சாக வரவில்லை. வாள் நெருங்கினால் நெஞ்சு தானாக நிமிர்ந்துகொண்டது.

"நாளைக்கும் இப்படித்தான் என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன்" என்று இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதுவும் கைநழுவினால் ஸ்டூடியோ பக்கம் தலைகாட்ட மசாதகாவுக்கு வேறு வழியே இல்லை.

வெட்கத்தை விட்டுத் தொகுஜியிடம் போனார். படத்துக்குப் படம் வெட்டுப்பட்டு விழுவதுதான் தொகுஜியின் தொழில். செத்துச் செத்தே பிழைத்த மனிதர்.

மசாதகா நெற்றி தரையில் படக் குனிந்தார். "குருவே, எனக்குச் சாகக் கற்றுக்கொடுங்கள்."

தொகுஜி அவரைத் தியேட்டருக்கு அழைத்துப் போனார். மசாதகாவின் பழைய படம் ஒன்றை மறுபடி போட்டிருந்தார்கள். உட்கார இடமில்லை. படம் வந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். திரையில் மசாதகா பனி கொட்டும் பாலத்தில் ஒற்றை ஆளாக நின்று எதிரிகளைச் சாய்த்தார். அரங்கம் மூச்சுவிட மறந்தது. பக்கத்தில் நின்ற மசாதகாவை ஒருவரும் அடையாளம் காணவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார். "இத்தனை வருஷம் கழித்தும் சனங்கள் வருகிறார்களே. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்?"

தொகுஜி கீழே கிடந்த மூங்கில் குச்சியை எடுத்து நீட்டினார். "வெட்டுங்கள்."

மசாதகா ஒப்புக்கு ஒரு வீச்சு வீசினார்.

தொகுஜியின் கண்கள் அவர் முகத்தில் நிலைகுத்தின. உதடு நடுங்கியது. முழங்கால் மடங்கி மெல்லச் சரிந்தார். மண்ணில் விழுந்து அடங்கும்வரை அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் மசாதகாவைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினாள்.

"என்ன செய்தீர்கள், குருவே?"

"உங்களைக் கண்டு பயந்தேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன்."

"அப்படியானால் நாளைக்கு அந்தப் பொடியனைக் கண்டு நான் பயப்பட வேண்டுமா?"

"உயிரே போகிற மாதிரி."

"எல்லாரும் அவனைத்தானே பார்ப்பார்கள்?"

"ஆமாம்."

மசாதகாவின் குரல் உடைந்தது. "என்னை யார் பார்ப்பார்கள்?"

தொகுஜி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பாலத்தில் வேறு வேறு உடுப்பில் மூன்று தடவை உங்கள் கையால் செத்தேன். நீங்கள் பார்த்தீர்களா, ஐயா?"