செவந்தியின் கோணல் தேர்

செம்பாறை நாட்டில் தேர்த்திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு போட்டி நடக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கல்யாண முருங்கைக் கட்டையும் சின்ன உளியும் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் தம் கையாலேயே சாண் நீளத்தில் ஒரு தேர் செய்ய வேண்டும். அதைச் சரிவுப் பலகையில் உருட்டி விடுவார்கள். எந்தத் தேர் முதலில் கீழே வருகிறதோ, அந்தப் பிள்ளை மறுநாள் பெரிய தேரின் வடத்தை முதலில் தொடலாம். ராஜாவுக்கே அதற்குப் பிறகுதான் முறை.

இந்த வருடம் பன்னிரண்டு தேர்கள் வந்தன. பதினொன்றைப் பார்த்தால் கண் பட்டுவிடும், அவ்வளவு அழகு. சேனாதிபதி வல்லபராயரின் மகன் கொண்டுவந்த தேரில் குதிரைகளுக்குப் பல்கூட இருந்தது. பன்னிரண்டாவது, யானைப்பாகன் மகள் செவந்தியுடையது. சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது. நான்காவது சக்கரம் தரையிலேயே படவில்லை.

போட்டி தொடங்கியது. செவந்தியின் தேர் மூன்று சக்கரத்திலேயே சரசரவென்று இறங்கி முதலில் வந்து நின்றது. இளவரசனின் தேர் பாதி வழியில் நின்று, கொஞ்சம் யோசித்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

"எதிர்க்காற்று" என்றார் மந்திரி. கொடிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

வல்லபராயர் எழுந்தார். "மகாராஜா, இது சூழ்ச்சி! ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்தால் உரசல் குறையும், வேகம் கூடும். பத்து வயதுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? யாரோ பெரியவர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள்."

ராஜா செங்கோடவர்மர் செவந்தியைப் பார்த்தார். "அந்தச் சக்கரத்தை ஏனம்மா தூக்கி வைத்தாய்?"

"தூக்கி வைக்கலீங்க. சரியா வரல. மூணு தடவை செதுக்குனேன். அப்புறம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுச்சு."

சபை நம்பவில்லை. ராஜா தம் அரசவை விகடர் சாத்தப்பரிடம் திரும்பினார். இந்தப் போட்டியை ஆரம்பித்து வைத்தவரே அவர்தான்.

"சாத்தப்பரே, இது இந்தக் குழந்தை செய்ததுதான் என்று பொழுது சாய்வதற்குள் நிரூபியும். சாட்சி கூடாது, சத்தியமும் கூடாது. முடியாவிட்டால் வடம் அவளுக்கு இல்லை, சபை உமக்கு இல்லை."

செவந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. சாத்தப்பர் மட்டும் நிதானமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

"பொழுது சாயும்வரை எதற்கு மகாராஜா? பிள்ளைகளே, இடது கையை நீட்டுங்கள்."

பதினோரு கைகள் நீண்டன. எல்லாம் வெண்ணெய் எடுத்த கை மாதிரி வழவழவென்று இருந்தன. செவந்தி தயங்கித் தயங்கி நீட்டினாள். கட்டைவிரலில் ஒன்று, சுட்டுவிரலில் இரண்டு என்று மூன்று துணிக்கட்டு.

"கல்யாண முருங்கை மெத்து மரம். பழகாத கை உளியை அழுத்தினால் சட்டென்று வழுக்கி விரலுக்கு வரும். முதன்முதலாகச் செய்கிறவர்களை அது விட்டதே இல்லை" என்றார் சாத்தப்பர். "இப்போது தகப்பன்மார்கள் நீட்டலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"நீட்டுங்கள்" என்றார் ராஜா.

மந்திரிக்குக் கட்டைவிரலில் கட்டு. பண்டிதருக்கு உள்ளங்கையில் மஞ்சள் பத்து. ஒன்பது போர்களில் ஒரு கீறல்கூடப் படாத வல்லபராயருக்கு நான்கு விரல்களிலும் கட்டு.

"குதிரைக்குப் பல் வைத்தீர்களே, அப்போது பட்டதா?" என்று பரிவோடு விசாரித்தார் சாத்தப்பர்.

சபை சிரித்துக்கொண்டிருக்கும்போதே இளவரசன் கேட்டான்: "அப்பா, நீங்க மட்டும் ஏன் காட்டல?"

சிரிப்பு பட்டென்று நின்றது. ராஜாவின் இடது கை காலையிலிருந்தே சால்வைக்குள் இருந்தது. அவர் மகனைப் பார்த்தார். சாத்தப்பரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை வெளியே எடுத்தார். கட்டைவிரலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

"வடம் செவந்திக்கு" என்று சொல்லிவிட்டு, ராஜாவே முதலில் சிரித்தார். கழுத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பருக்குப் போட்டார். போடும்போது காதோடு கேட்டார்: "நான் யாருக்கும் தெரியாமல்தானே செய்தேன்? உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?"

"இளவரசரின் தேர் பாதி வழியில் நின்றதே மகாராஜா, அப்போதே தெரிந்துவிட்டது. அரண்மனைத் தச்சன் செய்திருந்தால் ஓடியிருக்கும். இளவரசரே செய்திருந்தாலும் ஓடியிருக்கும்."