ராஜபார்ட்டைத் தாக்க வந்த மின்னல்

எங்கள் நாடகக் குழுவில் விளக்குப் போடுகிறவள் அமலி. அவளும் கைக்குழந்தையும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். அசுரன் கையிலிருந்து கிளம்பும் மின்னல் ஒளியை ராஜபார்ட் தனக்கோடியின் மார்புக்கு நகர்த்துவது அவள் பொறுப்பு.

"மின்னலா இது? ஊர்ந்து வருது. இன்னைக்கு நிஜ மின்னல் வேகத்துல வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார் தனக்கோடி.

"கணக்குப் பார்த்தேன் அண்ணே. அசுரனுக்கும் உங்களுக்கும் பத்தடி. மின்னல் கிளம்பினதும் நீங்க பல்லவியும் மூணு சரணமும் பாடுறீங்க, ஆறு நிமிஷம். எறும்புகூட முந்திடும். நிஜ வேகம்னா நீங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள செத்து விழணும். இன்னைக்கே அப்படி வச்சுக்கலாமா?"

அசுரன் வேஷக்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். தனக்கோடி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நாளைக்கும் நீயே விளக்கைப் போடு, தங்கச்சி. பல்லவி மட்டுமாவது பாடிக்கிறேன்."

"மூணு சரணமும் பாடுங்கண்ணே. மின்னல் காத்திருக்கும்."