பேரில்லாத ஆளுக்கு நாலு பக்கம்

"இத யாரு டீச்சர் உக்காந்து கேப்பா?"

நான் கத்தினது சமையக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால்தான் எங்க ஒத்திகை இடம். முகூர்த்தம் இல்லாத நாள்ல குடுப்பாங்க. சாம்பார் வாசம் மட்டும் எந்த நாளும் போகாது.

நாடகத்த நடத்துறது ஜெனிட்டா டீச்சர். ராணி வேஷத்துக்கான கறுப்புத் துணிக்குக் கரை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாய்ல நாலு ஊக்கு. என்னைவிட ஆறு வயசு சின்னவங்க. எனக்குப் பாதி எரிச்சல் அதுலதான்.

"ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின கிரேக்க நாடகம். சரி. ராணி மகன் சண்டைல சாகுறான். சரி. அத மேடைல காட்டாம, எவனோ ஒருத்தன் ஓடி வந்து நாலு பக்கம் பேசுறான். அவனுக்குப் பேருகூடக் கிடையாது! ராணிக்கே மொத்தம் மூணு பக்கம்தான்."

டீச்சர் தலையாட்டினாங்க. எனக்கா, துணிக்கா, தெரியல.

"நம்ம நாடகத்துக்கு வாரது யாரு? துறைமுகத்துல ஷிப்ட் முடிச்சு வாரவங்க. நிமிஷத்துக்கு நாலு வீடியோவத் தள்ளி விடுற கை அது. எட்டு நிமிஷம் ஒருத்தன் நின்னு பேசினா போன எடுத்துருவாங்க. அதான் வெட்டினேன். இப்ப ஆறு வரி. மிச்சத்துக்குப் பின்னால திரைல வீடியோ. குதிரை, ரத்தம், முரசு. முடிஞ்சுது சோலி."

ஒரு ஊக்கு துணிக்குப் போச்சு. வாய்ல மூணு.

"எனக்கு ஓகேக்கா," அப்படின்னான் தொம்மை. சேதி சொல்ல ஓடி வார ஆளு அவன்தான். மத்த நேரம் லோடு ஆட்டோ ஓட்டுறான். "ஆறு வரின்னா மனப்பாடம் ஈசி."

"உனக்கு ஆறே அதிகம்டா. சும்மா இரி."

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"பதினோரு மாசம் உக்காந்து இத நம்ம பேச்சுக்கு மாத்தினவ நான். இன்னும் ஒம்பது நாள்ல நாடகம். இந்த வெட்டு நிக்கணும். இல்லன்னா என் பேர எடுத்துருங்க. நான் கிளம்புறேன்."

மிச்ச ஊக்கையும் வாய்ல இருந்து எடுத்தாங்க.

"ஒரு சாவச் சொல்ல எத்தன வரி வேணும், பவுலின்?"

"ஒண்ணு போதும்."

"போதுமா?"

"எனக்கு ஒண்ணுதான வந்துச்சு? எங்க ரூபன் மஸ்கட்ல செத்தப்ப, கம்பெனி ஆபீஸ்ல இருந்து எவனோ போன் பண்ணினான். ரூபன் மூஞ்சியகூடப் பாக்காதவன். 'உங்க தம்பி எக்ஸ்பயர் ஆயிட்டார் மேடம்.' அவ்வளவுதான். எனக்குப் புரியலையா? புரிஞ்சுதுல்ல?"

தொம்மை டீ கிளாஸ மெதுவா கீழ வச்சான்.

டீச்சர் எந்திரிச்சு வந்தாங்க. கறுப்புத் துணிய என் தோள்ல போட்டு, ஒரு ஊக்கு குத்தினாங்க.

"ராணியா நடிக்கிற பொண்ணுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரில டியூட்டி. நீங்க உக்காருங்க."

"நான் நடிக்க மாட்டேன்."

"இந்த இடத்துல ராணிக்கு வசனம் இல்ல. நீங்க எழுதினதுதான்."

உக்காந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் ஆடுச்சு.

தொம்மை கை கழுவுற இடத்துல இருந்து ஓடி வந்தான். ஆறு வரி.

"ராணி, சேதி கொண்டு வந்திருக்கேன். நல்ல சேதி இல்ல. உங்க மகன் இறந்துட்டாரு. நேத்துக் காலைல. கோட்டைக்கு வெளிய. ஈட்டி பாஞ்சிருச்சு."

இந்த இடத்துல திரைல வீடியோ ஓடணும். திரை இல்ல. வெறும் சுவரு. அதுல 'உணவை வீணாக்காதீர்'.



தொம்மை நின்னான். நான் அவன் வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன்.

"எங்க பட்டுச்சு?"

கேட்டது நான்தான்.

தொம்மை பேப்பரப் பாத்தான். பின்பக்கம் திருப்பினான். ஒண்ணுமில்ல.

"உடனே போயிட்டானா? யாரு தூக்கினா?"

"அக்கா..."

"கேக்குறேன்ல. தண்ணி கேட்டானாடா?"

"அதெல்லாம் இருந்துச்சுக்கா," அப்படின்னான், தரையப் பாத்துக்கிட்டே. "நீங்க வெட்டின பக்கத்துல."

டீச்சர் என் காலடில தரையில உக்காந்தாங்க. பைல இருந்து நாலு பேப்பர் எடுத்தாங்க. போன வாரம் நான் கிழிச்சு எறிஞ்சது. குறுக்க டேப் ஒட்டியிருந்துச்சு. என்கிட்ட குடுக்கல. தொம்மைகிட்ட நீட்டினாங்க.

அவன் திரும்பக் கை கழுவுற இடம் வரைக்கும் போனான். இந்தத் தடவை ஓடி வரல. நடந்து வந்து, என் முன்னால முட்டி போட்டு உக்காந்து, முதல் பக்கத்த வாசிச்சான்.

"தாயே, நான் அவன் பக்கத்துலதான் இருந்தேன்."