எங்க மாட்டப் போறீங்க?

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து நான்கு. எண்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன என்று யாரும் பேனாவைத் திறக்க வேண்டாம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. சிங்காநல்லூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். சீடர் மாரப்பன். பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் விசிறிகளைப் பார்த்துக்கொண்டவர். ஆள் உள்ளே நின்று துடைக்கும் அளவுக்குப் பெரிய விசிறிகள். ஆலையை மூடியதும், உள்ளங்கை அகல விசிறிகளோடு பிழைத்துக்கொள்ளலாம் என்று இவளிடம் வந்து சேர்ந்தார். ஆறு மாதம் ஆகிறது.

வேலையில் படு சுத்தம். கோபம்தான் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இந்தக் காலத்தில் ஒருத்தரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பது அவருடைய தீராத குறை. கடை போன் அடித்தால் எடுத்து, அப்படியே ஜெசிந்தாவிடம் நீட்டிவிடுவார்.

தினமும் ஒரு கேள்வி கேட்பார். "இதுல எது நல்ல ஃபேனுங்க, அம்மிணி?"

தினமும் ஒரே பதில்தான் வரும். "எங்க மாட்டப் போறீங்கண்ணா?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? காற்றைப் பற்றி எனக்கா பாடம் என்று மாரப்பன் முணுமுணுப்பார். அவருடைய முணுமுணுப்பு மூன்று கடை தள்ளிக் கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காது பரிசோதனை நிலையம் ஒன்றிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா மூன்று ஃபேன்களைப் பையில் போட்டுக்கொண்டாள். மாரப்பன் திருப்புளிகளை எடுத்துக்கொண்டார்.

காய்ச்சல் பரவும் நேரம். நிலையத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். இவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மாரப்பனுக்கு அங்கேயே முகம் சுண்டிவிட்டது.

பரிசோதனை செய்யும் அம்மாள் வினோதினி ஏதோ வேகமாகச் சொன்னாள். மாரப்பனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பி, முகக்கவசத்தை இறக்கிவிட்டுத் திரும்பச் சொன்னாள்.

"டெஸ்ட் எடுக்கற கம்ப்யூட்டர் சூடாகிப் பாதியில நின்னுடுதாம். போன மாசம் ஒரே குழந்தைக்கு ரெண்டு தடவை நின்னிருக்கு. இந்த மேடம் மாசத்துல ஒரு நாள்தான் வர்றாங்க. இன்னைக்கு ஒரு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

வெளியே பெஞ்சில் அந்தக் குழந்தை இருந்தாள். பெயர் தர்ஷினி. இரண்டரை வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது கேட்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து எதுவும் செய்ய முடியும். பல்லடத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அவளுடைய அம்மா கோகிலா, மகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்த்தாள். இன்றைக்கும் மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணி பதினொன்று.

பரிசோதனை அறை வெளிச்சத்தம் நுழையாதபடி அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு நாற்காலி, இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள். கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். பெட்டியின் கதவில் சதுரமாக ஒரு ஓட்டை, அதில் தூசி தடுக்க ஸ்பாஞ்சு, அதற்குப் பின்னால் பழைய ஃபேன். அது சுற்றுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

ஜெசிந்தா மூன்று ஃபேன்களையும் மேசையில் வைத்தாள். மூன்றும் ஒரே அளவு. முகக்கவசத்தை இறக்கி, "நீங்களே எடுங்கண்ணா," என்றாள்.

மாரப்பன் நிமிர்ந்தார். ஆறு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். ஆலையிலும் அப்படித்தான், மீட்டர் வைத்திருந்த இன்ஜினியர்கூட இவர் கையைத்தான் கேட்பார். முதல் ஃபேன் அள்ளி வீசியது.

"இதாட்டம் காத்து எதுலயும் இல்லீங்க."

ஜெசிந்தா கதவிலிருந்த ஸ்பாஞ்சைக் கழற்றி ஃபேனுக்கும் அவர் கைக்கும் நடுவே பிடித்தாள். உள்ளங்கையில் காற்று செத்துப்போயிற்று. ஸ்பாஞ்சில் முட்டிய காற்று திரும்பி வந்து ஃபேனைப் பிடித்திருந்த அவருடைய இடது மணிக்கட்டில் பட்டது.

மாரப்பனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டாவதை எடுத்தார். அகலமான கனத்த இறக்கை, பேய் வேகம். ஸ்பாஞ்சையும் தாண்டி வந்து காற்று கையைத் தொட்டது.

"இது முட்டித் தள்ளுது பாருங்க," என்றார் வெற்றியோடு.

"சத்தம்?"

காதோடு ஒட்டவைத்துக் கேட்டார். "துளிகூட இல்லீங்க."

ஜெசிந்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "துளிகூட?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"மாட்டுங்க," என்றாள்.

நான்கு திருகாணி. ஐந்து நிமிட வேலை. ஸ்பாஞ்சை வைத்து, கதவைச் சாத்தினார். ஜெசிந்தா முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள். வினோதினி கோகிலாவை உள்ளே கூப்பிட்டாள். கோகிலா நாற்காலியில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டாள். தர்ஷினியின் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார்கள். குழந்தை அதிலேயே கண்ணாக இருந்தாள். மரப்பெட்டி அவளுக்கு முதுகுப் பக்கம்.

மாரப்பன் ஸ்விட்சைப் போட்டார். அறை நிசப்தமாக இருந்தது. அவருக்கு.

குழந்தை மரக்கட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

கோகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வினோதினி கையால் ஏதோ சைகை காட்ட, ஜெசிந்தா ஸ்விட்சை அணைத்தாள். குழந்தை கட்டைக்குத் திரும்பினாள். ஜெசிந்தா மறுபடி போட்டாள். குழந்தை மறுபடி தலையைத் திருப்பினாள்.

மாரப்பன் பெட்டியைப் பார்த்தார். கதவு சாத்தியே இருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெரியவர்கள் வாயெல்லாம் முகக்கவசத்தால் மூடியிருந்தது.

"பாப்பா எதைப் பாக்குது?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அல்லது சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

குழந்தை இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஃபேனின் கீச்சொலி பிடிக்காமல் சிணுங்கினாள். அந்தச் சிணுங்கல்கூட மாரப்பனுக்கு உதட்டுச் சுழிப்பாகத்தான் தெரிந்தது. பொத்திய கைகளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்தது. ஆலை இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர், ஆலைக்கு வெளியிலும் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜெசிந்தா ஸ்விட்சை அணைத்தாள்.

"பாப்பா திரும்பினது டெஸ்ட் ஆகாது," என்றாள் வினோதினி. "முறையா எடுத்தாத்தான் எழுதித் தர முடியும். இந்தச் சத்தத்துல ஒண்ணும் எடுக்க முடியாது. மணி பதினொண்ணரை."

ஜெசிந்தா முகக்கவசத்தை இறக்கி, அதை மாரப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மேசையில் மூன்றாவது ஃபேன் மட்டும் மிச்சம் இருந்தது. நிதானமாகச் சுற்றுவது. மாரப்பன் ஸ்பாஞ்சைக் கழற்றி அதன் முன்னால் பிடித்துப் பார்த்தார். காற்று வந்தும் வராமலும் இருந்தது.

"இது பத்தாதுங்க," என்றார்.

கோகிலா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சுவர்க்கடிகார முள் நகர்ந்தது.

மாரப்பன் ஸ்பாஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசி முனையளவு வெளிச்சம்கூட அதன் வழியாக வரவில்லை. வருடக்கணக்கான தூசி. ஆலையில் வடிகட்டி இப்படி அடைத்திருந்தால் ஃபிட்டரை அவர் என்ன பாடு படுத்தியிருப்பார்! விறுவிறுவென்று குழாயடிக்குப் போனார். கழுவினார். கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை கழுவினார். தன் துண்டுக்குள் வைத்துப் பிழிந்து, உதறி, எதிரே காட்டியபோது மறுபக்கம் ஜன்னல் தெரிந்தது.

மூன்றாவது ஃபேனை அதன் பின்னால் வைத்துக் கையைக் காட்டினார். காற்று மெல்ல, தடையில்லாமல் வந்தது.

"காத்து போதும்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது. "சத்தத்தை நீங்க சொல்லுங்க, அம்மிணி."

அவர் அதை மாட்டி ஓடவிட்டதும் ஜெசிந்தா பெட்டிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். சரி என்று தலையசைத்தாள்.

பரிசோதனை நாற்பது நிமிடம் நடந்தது. மெஷின் நிற்கவில்லை. வலது ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் குழந்தை வலது பக்கம் திரும்பினாள், இடதில் வந்தால் இடது பக்கம். பெட்டியை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாரப்பன் அந்த நாற்பது நிமிடமும் சுவரோடு ஒட்டி நின்றார். எந்தச் சத்தம் எப்போது வந்தது என்பதைக் குழந்தையின் தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

முடிவில் வினோதினி முகக்கவசத்தைக் கழற்றினாள். "ரெண்டு காதும் நல்லாக் கேட்குதும்மா. பேச்சு வராததுக்கு வேற காரணம் பார்க்கணும். அதுக்கு வழி இருக்கு."

கோகிலா அழுதாள். மகளின் காது மடலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மாரப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே அளவு வெட்கமாகவும் இருந்தது.

அவர்கள் வெளியே போனார்கள். மாரப்பன் குனிந்து திருப்புளிகளைப் பைக்குள் அடுக்கினார். நிமிராமலே கேட்டார்.

"காத்தைக் கையில பாத்துக்குவேனுங்க. தள்ளுதானு ஸ்பாஞ்ச வெச்சுப் பாத்துக்குவேன். சத்தத்தை நான் எப்படிப் பாக்கறது, அம்மிணி?"

ஜெசிந்தா சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்றாள். முகக்கவசத்தை இறக்கினாள். அவர் நிமிர்ந்து தன் உதட்டைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"மேடம் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குங்கண்ணா. அந்த நாற்காலி காலியாத்தான் இருக்குது."